ஒன்பது பேரும் ஒரு தலைகீழ் நாவலும்

1

போன வாரம் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மேலே குத்துவிளக்குப் படம். ஓரத்தில் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், துணைச்செயலாளர், பொருளாளர் என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள். நான் இருந்த காலத்தில் மொத்த வட்டத்திலும் அவ்வளவு ஆள் கிடையாது. இப்போது நிர்வாகிகளே அவ்வளவு பேர் இருக்கிறார்கள். வாசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கடிதத்தில் போடவில்லை.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் நாங்கள் சிலபேர் சேர்ந்து தொடங்கிய வாசகர் வட்டத்துக்கு ஆண்டு விழாவாம். மலர் போடுகிறார்கள். "தலைகீழ் நாவலைச் சிங்கப்பூரில் முதன்முதலாக இனங்கண்டு எழுதிய பெருமைக்குரியவர் என்ற முறையில், தங்கள் இனிய நினைவுகளை இரண்டு பக்கத்துக்கு மிகாமல்" எழுதித் தரவேண்டுமாம். இனங்கண்டவனாம். இனிய நினைவுகளாம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

வேலை என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் தங்கை கும்பகோணத்தில் இன்றைக்கும் "அண்ணன் ஹார்பர்ல ஆபீசர்" என்றுதான் சொல்லிக்கொள்கிறாள். நான் கிடங்குக் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் குடியிருக்கிறேன். லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, எங்கள் மாடியில் நிற்கவே நிற்காது. காலையில் இரண்டு மாடி இறங்கி லிப்டைப் பிடித்து, பஸ்ஸுக்கு நின்று, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இறங்கி, எந்தக் கப்பலிலிருந்து எத்தனை பெட்டி இறங்கியது என்று சாயங்காலம் வரை எழுதுகிறேன். பதினாறு வருஷமாக இதுதான்.

மலருக்கு நான் எழுதப்போவதில்லை. ஊரில் இருந்து படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உண்மையை இங்கே அச்சடித்தால் தேக்கா மார்க்கெட்டில் என்னை நிம்மதியாக மீன் வாங்க விடமாட்டார்கள். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். படித்துவிட்டு என்னை நாலு வார்த்தை திட்டினாலும் காதில் விழாது.

2

ஐம்பதுகளின் நடுவில் இங்கே ஒரு புதுத் தமிழ் நாவலைக் கண்ணால் பார்ப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ரயில்வே ஸ்டேஷனில் கிடைக்கிறது. எங்களுக்குக் கப்பலில் வரவேண்டும். வந்தாலும் கடையில் ஊதுபத்திக்கும் சீயக்காய்க்கும் நடுவே நாலு புத்தகம் கயிற்றில் தொங்கும், அதில் இரண்டு சோதிடம், ஒன்று சமையல். ஆகவே நாங்கள் சேர்ந்து புத்தகம் வரவழைத்தோம். ஆளுக்கு ஐந்து நாள் வைத்துப் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக்கடை மாடியில் கூடுவோம். கீழேயிருந்து மிளகாய் நெடி ஏறும். தும்மிக்கொண்டே இலக்கியம் பேசுவோம்.

வட்டத்தில் ஒன்பது பேர்தான். எட்டும் இல்லை, பத்தும் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஊர்ச் சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்தால் அது சங்கம். சங்கம் என்றால் பதிய வேண்டும். அப்போது அவசரகாலச் சட்டம் வேறு. மாடியில் கூடிப் பேசுகிறவர்கள் யார், எதற்குக் கூடுகிறார்கள் என்று விசாரிக்க ஆள் வரும். எங்கள் தலைவர் வைத்திலிங்கம் ஒருதடவை துணிந்து போய்ப் பதிவுப் பாரம் வாங்கினார். 'சங்கத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'நாவல் படித்தல்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி நீட்டினார். கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "எதற்காக?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டது. தலைவர் பாரத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்பது பேருக்கு மேல் கிடையாது என்று ஆயிற்று.

வைத்திலிங்கம் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி. கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை, இடது கையில் குடை. பேச எழுந்தால் இல்லாத மைக்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு செருமல் செருமுவார். நாவல் படித்து அவர் அழுதோ சிரித்தோ நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த நாவலையும் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். ஒன்பது பேர் வட்டத்துக்குப் பதினேழு விதி எழுதி வைத்திருந்தார். புதுப் புத்தகம் வந்தால் முதலில் தலைவர், அடுத்துச் செயலாளர், பிறகுதான் மற்றவர். புதிதாகச் சேர விரும்புகிறவர், வட்டம் படித்த ஒரு நாவலைப் பற்றி ஒரு பக்கம் அபிப்பிராயம் எழுதித் தரவேண்டும். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்கலாம், ஒரு கை எதிராக எழுந்தாலும் இல்லை.

செயலாளர் நான்தான். பெயர் நடராஜன் என்று ஒன்று இருந்தது, ஆனால் அங்கே எல்லாரும் 'செகரட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

3

ஒரு வருஷம் என் தங்கை கடிதம் எழுதினாள். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு தொடர்கதை வருகிறது, தெருவே பித்துப்பிடித்துப் படிக்கிறது என்றாள். அந்தப் பத்திரிகை சிங்கப்பூருக்கு வருவதில்லை. கதை முடிந்ததும், வாராவாரம் வந்த பக்கங்களைப் பிளேடால் அறுத்து எடுத்துப் பார்சல் கட்டி அனுப்பினாள். இருபத்தாறு வாரம். ஒவ்வொரு வாரத்துப் பக்கங்களையும் நான் இடது ஓரத்தில் குண்டூசி குத்தித் தனித்தனிக் கட்டாக அடுக்கினேன். பைண்டு ஆகும் வரை யாரும் படிக்கக்கூடாது என்பது ஒன்பதாவது விதி. அதனால் நானும் படிக்கவில்லை.

வழக்கமாக எங்களுக்குப் பைண்டு செய்து தரும் கடையநல்லூர் பாய் ஊருக்குப் போயிருந்தார். ஜாலான் புசாரில் ஒரு சீனர் பைண்டிங் கடை வைத்திருந்தார். வயசானவர், பனியன், வாயில் எப்போதும் அணைந்துபோன சிகரெட். அவரிடம் கட்டைக் கொடுத்து, எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், குண்டூசி குத்திய ஓரத்தைத் தைக்கவேண்டும் என்று காட்டினேன். "போலே, போலே" என்றார். முடியும் முடியும் என்று அர்த்தம். தைக்கத்தான் செய்தார், சுத்தமாகத் தைத்தார், சிவப்புக் காலிகோ துணி அட்டையும் போட்டார். தேதி அச்சடித்திருந்த மேல் விளிம்பை எல்லாம் ஒரே சீராக வெட்டித் தள்ளிவிட்டார்.

ஆனால் அவர்கள் புத்தகம் நம்முடைய கடைசிப் பக்கம் இருக்கிற இடத்தில் தொடங்கும். அவர் வாழ்நாளெல்லாம் பைண்டு செய்தது அந்த மாதிரிப் புத்தகங்கள்தான். என் இருபத்தாறு கட்டுகளையும் அவருக்கு எது முன்பக்கமோ அதிலிருந்து வரிசையாக அடுக்கினார். நான் எந்த ஓரம் என்று சொன்னேனே தவிர, எந்தப் பக்கம் முதல் என்று சொல்லவில்லை. உலகத்தில் எல்லாரும் என்னைப் போலத்தான் புத்தகத்தைத் திறப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். ஆக, ஒவ்வொரு அத்தியாயமும் உள்ளே ஒழுங்காக இருக்கிறது, ஆனால் கடைசி அத்தியாயம் முதலிலும் முதல் அத்தியாயம் கடைசியிலும் வந்துவிட்டது. அத்தியாயத்துக்கு எண் போடாமல் தலைப்பு மட்டும் போடுவது அந்தப் பத்திரிகையின் நாகரிகம். அதனால் பார்த்தவுடன் தெரிய வழியில்லை.

தலைவர் ஆபீசிலிருந்து வருகிற வழியில் கடை இருந்ததால், புத்தகத்தை அவரே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிப்படி ஏறி வந்த தோரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உட்காரக்கூட இல்லை. செருமினார்.

"நண்பர்களே, தமிழ் நாவல் இன்றைக்கு வயசுக்கு வந்துவிட்டது. இந்த ஆசிரியர் காலத்தைக் காதைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி இறந்துவிடுகிறாள். அத்தியாய முடிவில் 'முற்றும்' என்று போடுகிறார். என்ன துணிச்சல் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் அவள் நோயாய்ப் படுத்திருக்கிறாள். மூன்றில் எழுந்து நடமாடுகிறாள். கடைசி அத்தியாயத்தில் புதுப்பெண்ணாக வண்டியிலிருந்து இறங்குகிறாள். அங்கே 'தொடரும்' என்று முடிக்கிறார். வாழ்க்கை தொடரும் என்கிறார்."

மற்ற எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவு திறந்த பிறகு தட்டுகிறார்கள், பதில் வந்த பிறகு கடிதம் எழுதுகிறார்கள், சாம்பார் கொதித்து இறக்கிய பிறகு பருப்பு களைகிறார்கள். அதையெல்லாம் தலைவர் 'உத்தி' என்றார். உத்தி என்ற சொல் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் மூளையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

என் பங்குக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகம் கைக்கு வந்த முதல் நாளே மூன்று அத்தியாயம் படித்தேன். மிச்சத்துக்குத் தலைவர் பேச்சு இருக்கிறதே என்று இங்குள்ள தமிழ்ப் பேப்பருக்கு ஒரு கட்டுரை எழுதிப் போட்டேன். 'காலத்தைத் திருப்பிய பேனா' என்று தலைப்பு. அது ஞாயிறு மலரில் பெட்டி கட்டி வந்தது. என் பெயரை அச்சில் பார்த்துக் காபிக்கடையில் நாலு பேர் கை குலுக்கினார்கள். துறைமுகத்தில் என் மேலாளர்கூட, தமிழ் தெரியாத மலையாளி, "யூ ஆர் எ ரைட்டர்!" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜொகூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் அந்தப் புத்தகத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. தலைவர் தனியாக ஒரு மண்டபத்தில் அதைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றினார்.

இன்னொன்றைக் கேளுங்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த நாவல் சென்னையில் புத்தகமாகவே வெளிவந்து இங்கே வந்து சேர்ந்தது. கதாநாயகி வண்டியிலிருந்து இறங்குவதில் தொடங்கி, இறப்பதில் முடிந்தது. தலைவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "பதிப்பாளன் பயந்து வரிசையை மாற்றிவிட்டான். நம்மிடம் இருப்பதுதான் மூலப் பிரதி" என்றார். அந்த மூலப் பிரதி இன்றைக்கும் வட்டத்தின் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதாகக் கேள்வி.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகள் மல்லிகா எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அதற்குள் எனக்கு ஒரு டீ ஆறிவிடும். லைப்ரரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாவல் கொண்டுவருகிறாள், எல்லாம் இங்கிலீஷ். புத்தகத்தை எடுத்தவுடன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறாள்.

"ஏம்மா இப்படி?" என்றால், "எண்டிங் நல்லா இல்லைனா ஏன்பா டைம் வேஸ்ட் பண்ணணும்? பொண்ணு செத்துட்டா நான் ரிட்டர்ன் பண்ணிடுவேன் லா" என்கிறாள், இந்த ஊர்ப் பிள்ளைகளின் 'லா'வும் சேர்த்து.

ஒரு நாவலைத் தலைகீழாகப் படிக்கிறோம் என்று தெரிந்தே படிக்கிறாள். ஒன்பது பெரிய மனிதர்களுக்கு இல்லாத தெளிவு. அதற்காக அவளை மெச்சவும் முடியவில்லை. நான் கப்பலுக்குக் காத்திருந்து படித்த மொழியில் அவள் ஒரு நாவல்கூட முடித்ததில்லை. நான் ஏதாவது சொன்னால், "நீங்க படிச்சுக் கதை சொல்லுங்கப்பா, நான் கேக்குறேன்" என்பாள். எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. கதையைச் சொல்லத் தொடங்கி ஆசிரியரின் உத்தியைச் சொல்லப் போய்விடுகிறேன், அவள் எழுந்து போய்விடுகிறாள். வைத்திலிங்கத்தோடு இருந்த பழக்கதோஷம்.

6

எங்கள் ஒன்பது பேரில் சூசை என்று ஒருவர். தபால் இலாகாவில் வேலை, நாகப்பட்டினத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டில் அவர் மனைவியின் தங்கை பிலோமினா இருந்தார். மாதா கோயிலை ஒட்டிய சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. சூசைக்கு வருகிற ஐந்து நாளில் மூன்று நாள் புத்தகம் பிலோமினா டீச்சர் கையில்தான் இருக்கும். அப்படித்தான் வட்டத்தின் எல்லா நாவலையும் அவர் படித்திருந்தார்.

ஒருதடவை சூசை வழியாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ஒன்பது பேர் ஆகிவிட்டது, பத்தாவது ஆள் சேர்ந்தால் சட்டம் குறுக்கே வரும் என்று நானே பதில் எழுதினேன். அது நியாயமான பதில். அவரும் மறுபடி கேட்கவில்லை.

பிறகு சூசைக்குப் பென்ஷன் ஆகி, மனைவியோடு ஊருக்கே திரும்பப்போவதாக முடிவாயிற்று. பிலோமினா டீச்சர் மட்டும் வேலையை விடாமல், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதிக்குப் போவதாக ஏற்பாடு. சூசை என்னைத் தேடிக் கிடங்குக்கே வந்தார்.

"செகரட்டரி, நான் போனா வட்டத்துல எட்டுப் பேருதானே. அந்த இடத்தை எங்க பிலோமினாவுக்குக் குடுங்க. வேற எதுவும் நான் கேட்டதில்ல. எனக்கு வர்ற புத்தகம் நின்னுட்டா அதுக்குப் படிக்க வேற வழி இல்ல. விடுதியில செபப் புத்தகம்தான் இருக்கும். கதையைப் பத்திப் பேச ஒரு ஆள் இருக்காது."

"பேஷா குடுக்கலாம். விதிப்படி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்க" என்றேன்.

இரண்டு நாளில் பக்கம் வந்தது. பள்ளிக்கூட நோட்டுத்தாள், குண்டு குண்டாக எழுத்து. எந்த நாவலைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அதைப் பற்றித்தான். எங்கள் சொற்பொழிவையும் கட்டுரையையும் கெடுக்கவேண்டும் என்று எழுதவில்லை. நாங்கள் தெரிந்துகொண்டால் சந்தோஷப்படுவோம் என்று எழுதியிருந்தார், அதுதான் இன்னும் சங்கடம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் தருகிறேன்:

"இந்தப் புத்தகம் பின்னாலிருந்து முன்னால் பைண்டு ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். கதவைத் தட்டுவது யார் என்ற கேள்வியோடு ஓர் அத்தியாயம் முடிகிறது. மாமனார் மழையில் நனைந்து உள்ளே வருவது அதற்கு முந்தின கட்டில் இருக்கிறது. எல்லாக் கட்டும் இப்படியே. கடைசிக் கட்டை முதலில் வைத்துப் படித்துப் பார்த்தேன், சரியாக வந்தது. திரும்ப ஒருதடவை பைண்டு செய்தால் போதும்.

"நேராகப் படித்தால் இது சுமாரான கதைதான். சம்பாஷணை அதிகம். ஆனால் ஓர் இடம் எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த மருமகள் உட்கார்ந்து சாப்பிடுவதாக எங்கும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறாள். ஆசிரியர் அதைப் பெரிசாகச் சொல்வதும் இல்லை, போகிறபோக்கில் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில், சாவதற்கு முன்னால், எனக்கு ஒரு மணை போடுங்கள் என்று கேட்கிறாள். மணையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிடுகிறாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. இதை முதலிலேயே படித்துவிட்டால், ஒரு நோயாளி சாப்பிட்டாள் என்றுதான் தோன்றும். ஆகையால் வரிசை முக்கியம்."

அந்தக் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். அந்த மணையை நாங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரச் சொற்பொழிவில் அது இல்லை. என் கட்டுரையில் இல்லை.

7

ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா என்று மேலே கேட்டேன். அப்போது இருந்த மற்ற ஏழு பேரும் தலைவரும் எப்படியோ, எனக்கு வந்தது. சந்தேகம்கூட இல்லை, நிச்சயமாகவே தெரிந்தது. டீச்சர் எழுதுவதற்கு எட்டு மாசம் முன்னாலேயே தெரியும்.

கட்டுரை அச்சில் வந்த மறுநாள், பெருமை தாங்காமல், நாள் கடந்தும் கையிலேயே வைத்திருந்த புத்தகத்தில் மிச்சமிருந்த அத்தியாயங்களையும் படிக்க உட்கார்ந்தேன். கடைசிக் கட்டின் தலைப்பு 'கூட்டு வண்டி'. குண்டூசி குத்தும்போது முதல் வாரத்துக் கட்டாக எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அதுதான், அந்தத் தலைப்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. முன்னால் திருப்பி 'முற்றும்' போட்ட பக்கத்தை மறுபடி பார்த்தேன். அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஜாலான் புசாருக்கு ஓடினேன்.

சீனர் புத்தகத்தை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார். அலமாரியிலிருந்து தன் ஊர்ப் புத்தகம் ஒன்றை எடுத்து, அது எங்கே திறக்கிறது என்று காட்டினார். பிறகு என் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு விரலைக் காட்டி, இரண்டு நாளில் பிரித்துத் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று மலாயில் சொன்னார்.

நான் அங்கேயே நின்றேன். பிரித்துத் தைத்தால் தலைவர் முகத்தில் எப்படி விழிப்பது? என் கட்டுரை என்ன ஆவது? காபிக்கடையில் கை குலுக்கிய அதே நாலு பேர் என்ன சொல்வார்கள்? வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத அவருக்கு என்னைவிடப் புத்தகத்தின் மேல் மரியாதை இருந்தது.

டீச்சரின் தாளைத் தலைவரிடம் காட்டினேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவரே செருகினார்.

"அந்தம்மா நல்லவங்கதான், செகரட்டரி. இருந்தாலும் கடைக்கு மேல மாடி. சுத்தி ஆம்பளைங்க. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தா அவங்களுக்குத்தானே கெட்ட பேரு? அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க யோசிச்சுக்குங்க."

நீங்க யோசிச்சுக்குங்க. சாமர்த்தியத்தைப் பாருங்கள். தன் கையில் கறை படாமல் கத்தியை என் கையில் கொடுக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் சூசையும் இருந்தார், அவருக்கு அது கடைசிக் கூட்டம். போகிறவர் என்பதால் அவருக்கு வோட்டு இல்லை. மற்ற ஆறு பேருக்கும் டீச்சரைச் சேர்ப்பதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர், "டீச்சர் வந்தா நாமளும் கொஞ்சம் ஒழுங்கா பேசுவோம்" என்றுகூடச் சொன்னார். எழுதித் தந்த பக்கத்தை வாசிக்க வேண்டாமா என்று யாரோ கேட்டார். நேரமாகிவிட்டது, பக்கம் திருப்தியாக இருக்கிறது என்று தலைவர் சொல்லிவிட்டார். தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து வாசிக்க அரை நிமிஷம் போதும்.

"எதிரா யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஒரு கைதான் எழுந்தது. அது என் கை. காரணம் கேட்டார்கள். கடைக்கு மேல மாடி, சுத்தி ஆம்பளைங்க என்று அவர் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னேன். சூசை என்னைப் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போய்விட்டார். அந்த ஒன்பதாவது இடம் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் காலியாகத்தான் கிடந்தது.

இத்தனை பக்கம் அவர்களை நக்கல் அடித்தேனே, அந்த எட்டுப் பேரும் முட்டாள்கள்தான். முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. தெரிந்தே கை தூக்கியவன் நான் ஒருவன்தான். அந்த ஆளைத்தான் இப்போது மலரில் 'இனங்கண்டவர்' என்று போடப்போகிறார்கள்.

8

முடிவை விண்ணப்பித்தவரிடம் செயலாளர் நேரில் தெரிவிக்கவேண்டும் என்பது பன்னிரண்டாவது விதி. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பிலோமினா டீச்சர் பெஞ்சுகளை ஒழுங்காக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சூசையின் கப்பல் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"எல்லாரும் ஒத்துக்கணும்னு விதி, டீச்சர். ஒருத்தர் ஒத்துக்கல" என்றேன்.

"அத்தான் சொன்னாங்க" என்றார். யார் அந்த ஒருத்தர் என்று கேட்கவில்லை. சூசை அதையும் சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் புத்தகத்தை நீங்க முழுசா படிச்சீங்கல்ல?"

"படிச்சேன்."

"படிக்கும்போது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம். தான் படித்தது சரிதான், இந்த ஊரில் இன்னொருவரும் அதைப் பார்த்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொன்னால், எட்டு மாசமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி வரும். அயோக்கியன் என்று பெயர் வாங்குவதைவிட அசடு என்று பெயர் வாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"இல்ல டீச்சர். தோணல."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கணக்கு வராத பிள்ளையைப் பார்க்கிற முகம்.

"பரவாயில்ல சார். அடுத்த புத்தகத்தை மெதுவாப் படிங்க. புரியும்."

"சரி டீச்சர்" என்றேன்.